பேஸ் கிட்டாரில் பழக வேண்டிய பழம்பாடல்கள்: எதை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது?

நாலுகம்பி

அனைவருக்கும் வணக்கம். நான்கு கம்பி பேஸ் கிட்டார் வாங்கிப் பழகத் தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. மேஜர், மைனர் ஸ்கேல்கள் (ஸ்வர வரிசைகள்) கைக்கு வந்துவிட்டன. தாளம் தட்டும் மெட்ரோனோமோடு பிசகாமல் வாசிக்கவும் முடிகிறது. ஆனால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை முழுதாக வாசிக்கத் தெரிந்த பாடல் ஒன்றுகூட என்னிடம் இல்லை. பல பாடல்களின் தொடக்க இசை தெரியும். பாடகர் வாயைத் திறக்கும் இடத்தில் என் வாசிப்பு நின்றுவிடும்.

ஞாயிறுதோறும் நண்பர்கள் சிலர் கூடி வாசிக்கிறோம். டிரம்ஸ், கீபோர்டு, ஒரு கிட்டார், பாடுவதற்கு ஒருவர். இளையராஜா பாடல்களையும் அறுபது, எழுபது, எண்பதுகளின் ஆங்கிலப் பாடல்களையும் கலந்து எடுப்பதென்று பேசியிருக்கிறோம். நான் எழுதி வைத்திருக்கும் பட்டியல் இது: குயின் குழுவின் ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’, மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’, பிங்க் ஃபிளாய்டின் ‘மணி’, பீட்டில்ஸின் ‘கம் டுகெதர்’, மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’, ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் ‘செவன் நேஷன் ஆர்மி’, ஜாக்கோ பாஸ்டோரியஸின் ‘போர்ட்ரெய்ட் ஆஃப் டிரேசி’, தமிழில் ‘இளைய நிலா பொழிகிறதே’, ‘பூவே செம்பூவே’, ‘பனி விழும் மலர்வனம்’.

இவற்றில் எதிலிருந்து தொடங்குவது, எதை இப்போதைக்கு விட்டுவிடுவது, நான் சேர்க்கத் தவறியது எது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். எங்கள் ஊரில் பேஸ் சொல்லிக்கொடுப்பவர் யாரும் இல்லை.

---

தாழ்கட்டை

நல்ல ரசனையோடு தொகுத்த பட்டியல்தான், நண்பரே. ஆனால் வாசிப்பதற்குப் பாடலைத் தேர்ந்தெடுக்கும்போது, அது எவ்வளவு புகழ்பெற்றது என்பதைவிட, அந்தப் பாடலில் பேஸ் என்ன வேலை செய்கிறது, அந்த வேலையை இன்றைய உங்கள் கையால் பாடல் முடியும்வரை தொடர்ந்து செய்ய முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், தொடக்கம் தெரியும், மீதி தெரியாது என்று. ஸ்கேல் போதாததால் வந்த குறை அன்று இது. எடுத்த பாடல்கள் பொருந்தாததால் வந்தது.

முதலில் இரண்டை எடுத்துவிடுங்கள். ‘செவன் நேஷன் ஆர்மி’ 2003இல் வந்த பாடல். அந்தக் குழுவில் பேஸ் வாசிப்பவரே கிடையாது. பேஸ்போல் ஒலிக்கும் அந்தத் தொடர், கிட்டாரின் ஒலியை ஒலியை மாற்றும் ஒரு பெடல்வழி ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே இறக்கி வாசித்தது. ஒரு மாலையில் கற்றுவிடலாம், தவறில்லை. ஆனால் டிரம்ஸுக்கும் பாட்டுக்கும் இடையில் பேஸ் எப்படி நிற்கிறது என்பதை அதிலிருந்து அறிய வழியில்லை. ‘போர்ட்ரெய்ட் ஆஃப் டிரேசி’ 1976இல் ஜாக்கோவின் முதல் தனித்தொகுப்பில் வந்தது. ஏறத்தாழ முழுவதும் ஹார்மோனிக்ஸால், அதாவது கம்பியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் மணியொலிகளால் ஆன தனிவாசிப்பு. அதைப் பழகுவதற்கான வயது உங்கள் கைக்கு இன்னும் வரவில்லை. வந்த பிறகும் உங்கள் குழுவில் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றை முதலில் வைக்கிறேன்: பென் ஈ. கிங் 1961இல் பாடிய ‘ஸ்டாண்ட் பை மீ’. எட்டு பார் (தாளச் சுற்று) கொண்ட ஒரே கார்டுச் சுழற்சி; கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு. ஏ மேஜர் இரண்டு பார், எஃப் ஷார்ப் மைனர் இரண்டு பார், டி ஒன்று, ஈ ஒன்று, மறுபடியும் ஏ இரண்டு. பல்லவிக்கும் சரணத்துக்கும் இதே சுழற்சிதான்; வேறு பகுதி எதுவும் இல்லை. பாட்டு தொடங்குவதே பேஸிலிருந்துதான். ஸ்வரங்கள் எளியவை என்பதால் கவனம் முழுவதும் இரண்டு கேள்விகள் மேல் செல்லும்: இந்த ஸ்வரத்தை எவ்வளவு நேரம் ஒலிக்க விடுகிறேன்? கடைசிச் சுழற்சியில் வேகம் முதல் சுழற்சியில் இருந்ததுபோலவே இருக்கிறதா? மூன்று நிமிடம் நிற்காமல் வாசித்து முடித்தீர்களென்றால், உங்களுக்கு ஒரு பாடல் தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அதற்கு அடுத்து ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’. 1980இல் வந்தது; எழுதியவரே பேஸ் வாசித்த ஜான் டீக்கன். ஈ ஸ்வரம் மூன்று முறை தனித்தனியாக விழுந்ததும் ஓர் ஓய்வு வருகிறது. அந்த ஓய்வில்தான் பாட்டு உயிரோடு இருக்கிறது. திறந்த ஈ கம்பி, அதாவது இடக்கை விரலால் அழுத்தாமல் மீட்டும் ஈ கம்பி, பிடிவாதக்காரக் கம்பி. நீங்கள் நிறுத்தாவிட்டால் அது பாட்டுக்கு அதிர்ந்துகொண்டே இருக்கும், ஓய்வு இருந்த இடம் முழுவதும் முனகலாகிவிடும். இதற்கு ஓராண்டு முன் வந்த ‘ஷிக்’ குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாடலில் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் வாசித்த பேஸையும் கேளுங்கள். டீக்கன் எங்கிருந்து எடுத்துக்கொண்டார் என்பது விளங்கும்.

---

மெல்லிசைமேடை

தாழ்கட்டை ஐயா சொன்ன இரண்டு பாடல்களும் நல்லவைதான். ஆயினும் ஒரு மறுப்பு உண்டு. தம்பி வாசிக்கப்போவது நண்பர் குழுவில். அந்தக் குழு எடுக்கப்போவதில் பாதி இளையராஜா. அப்படியிருக்க ஆங்கிலப் பாடல்களில் நெடுநாள் பழகிவிட்டுப் பிறகு தமிழுக்கு வருவது என்பது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. மெல்லிசைக் குழுக்களில் பல ஆண்டுகள் வாசித்தவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது, சுருதி. ராக் பாடல்களில் பல ஈ-யிலும் ஏ-யிலும் இருப்பதற்குக் காரணம் கிட்டாரின் திறந்த கம்பிகள் அங்கே இருப்பதுதான். நம் மேடையில் சுருதியைத் தீர்மானிப்பவர் பாடகர். “ஒன்றரைக் கட்டையில் எடுங்கள்” என்பார். சி ஷார்ப்புக்குப் போக வேண்டும். பெண்குரல் என்றால் ஐந்து, ஐந்தரை, அதாவது ஜி அல்லது ஜி ஷார்ப். அன்றைக்குத் தொண்டை சரியில்லை என்றால் மேடையிலேயே அரைக் கட்டை இறக்கச் சொல்வார். ஈ-யில் பழகிய பாடலை அரைக் கட்டை இறக்கினால், நான்கு கம்பி பேஸில் அந்த அடி ஸ்வரமே இல்லாமல் போகும். ஏ கம்பியின் ஆறாம் ஃப்ரெட்டுக்கு (விரல் அழுத்தும் கட்டத்துக்கு) ஓடி, ஓர் ஆக்டேவ் மேலே வாசிக்க வேண்டியதுதான். ஆகவே எந்தப் பாடலைப் பழகினாலும் திறந்த கம்பியைத் தொடாமல் ஒரு முறையும், அரைக் கட்டை மேலும் கீழும் தள்ளி ஒரு முறையும் வாசித்துப் பாருங்கள். தமிழ்ப் பாடல்களிலிருந்து தொடங்குபவனுக்கு இந்தப் பழக்கம் தானாக வந்துவிடும்.

இரண்டாவது, இளையராஜா பாடல்களில் பேஸ் என்பது கார்டின் அடி ஸ்வரத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பதில்லை. ஒவ்வொரு கருவிக்கும் ஸ்வரக்குறிப்பு எழுதிக்கொடுப்பவர் அவர், பேஸுக்கும் அப்படித்தான். பாட்டின் மெட்டு ஒரு பக்கம் போக, அதற்குக் கீழே இன்னொரு மெட்டு நகரும். அவருடைய குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரன் அவர்களின் வாசிப்பைக் கேட்டாலே இது விளங்கும். ‘இளைய நிலா’ 1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் வந்தது. எல்லோரும் தொடக்கத்து கிட்டாரைப் பற்றியே பேசுவார்கள். பாலசுப்ரமணியம் பல்லவி எடுத்த பிறகு, அவர் குரலை மறந்துவிட்டுக் கீழே என்ன நடக்கிறதென்று ஒரு முறை கேளுங்கள். அதை வாயால் பாடிக்காட்ட முடிகிற நாளில் வாசிக்கத் தொடங்குங்கள். பாட வராததை வாசிக்க முயல்வது விரலுக்கு வீண் வேலை.

சேர்க்க வேண்டியது ஒன்று: ‘மூடுபனி’ படத்தில் 1980இல் யேசுதாஸ் பாடிய ‘என் இனிய பொன் நிலாவே’. நடபைரவி, அதாவது இயல்பான மைனர் ஸ்கேல். கார்டு மாற்றங்கள் காதுக்குத் தெளிவாகத் தெரியும். உங்கள் கிட்டார் நண்பருக்கும் பிடிக்கும்.

---

வட்டத்தட்டு

‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன். அதைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டாம், கடைசிக்குத் தள்ளுங்கள்.

டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஜேம்ஸ் ஜேமர்சன் பேஸ் வாசித்த பாடல்கள் அறுபதுகளில் உலகம் முழுவதும் ஒலித்தன. ஆனால் அந்நிறுவனம் தன் வாத்தியக்காரர்களின் பெயர்களைத் தட்டுகளில் அச்சிடுவதில்லை. 1971இல் வந்த ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பின் உறையில்தான் அவர் பெயர் இடம்பெற்றது. அவர் டபுள் பேஸிலிருந்து வந்தவர். வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றால் மட்டுமே கம்பியை மீட்டினார். அவருடைய ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் தட்டைச் சுற்றுக் கம்பிகள் (மேற்பரப்பு வழவழப்பானவை) இருந்தன. அவற்றை அறும்வரை மாற்றமாட்டார் என்பது பேஸ் வாசிப்பவர்களிடையே அனைவரும் அறிந்த செய்தி. அந்த மழுங்கிய, தடித்த ஒலி அப்படி வந்ததுதான். அவர் வாசிப்பில் ஒரு பார் அடுத்த பாரைப்போல இருக்காது. கார்டு ஸ்வரங்களுக்கு இடையே அரை ஸ்வரங்களில் நழுவுவார், பீட்டுக்கு முன்பே வந்து நிற்பார், எதிர்பாராத இடத்தில் திறந்த கம்பியைத் தொட்டுவிட்டுப் போவார். இதைக் குறிப்பு பார்த்து அப்படியே ஒப்பிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்டால் அத்தனை ஸ்வரமும் சரியாக இருக்கும். ஆனால் ஓட்டம் இருக்காது.

ஜேமர்சனிடம் போக வேண்டுமானால் 1964இல் டெம்டேஷன்ஸ் குழு பதிவுசெய்த ‘மை கேர்ள்’ பாடலின் வழியாகப் போங்கள். தொடக்கத்தில் பேஸ் மட்டும் தனியாக வருகிறது. சி, கீழ் ஜி, மறுபடி சி, அவ்வளவுதான். ஏ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட், ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட். ஒரே விரலைச் சற்றுப் படுக்க வைத்தால் இரண்டும் கிடைக்கும். அதன்மேல் கிட்டார் ஏறி வருகிறது. பாட்டின் நடுவில் சுருதி சி-யிலிருந்து டி-க்கு உயர்கிறது; நீங்கள் அதே கையமைப்போடு ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு நகர்கிறீர்கள். மெல்லிசைமேடை அண்ணன் சொன்ன சுருதி மாற்றப் பயிற்சி இந்தப் பாடலுக்குள்ளேயே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

அதே காலத்திலிருந்து இன்னொன்று, ஓடிஸ் ரெடிங்கின் ‘டாக் ஆஃப் த பே’. 1968இல் வெளிவந்தது, பேஸ் வாசித்தவர் டொனால்ட் ‘டக்’ டன். ஜி, பி செவன்த், சி, ஏ என்று கார்டுகள் போகும். டன் எதையும் அலங்கரிக்கமாட்டார். தேவையான ஸ்வரம், தேவையான நீளம், அதோடு சரி. ஜேமர்சனுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாட்டைக் காதால் அறிந்துகொண்டால், எந்தப் பாடலுக்கு எவ்வளவு வாசிப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

---

நாலுகம்பி

எல்லோருக்கும் நன்றி. ‘ஸ்டாண்ட் பை மீ’யை எடுத்துவிட்டேன். சுழற்சி மனத்தில் நிற்கிறது. ஆனால் நடுவில் எங்கேயோ வேகம் கூடிவிடுகிறது என்று டிரம்ஸ் நண்பர் முகத்தைச் சுளிக்கிறார்.

ஒரு சிக்கல். ‘இளைய நிலா’வின் பேஸைக் காதால் பிடிக்கலாம் என்று உட்கார்ந்தால், அது இருப்பதாகவே கேட்கவில்லை. இணையத்தில் கிடைக்கும் டேப் குறிப்புகள் (எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எண்ணால் காட்டுபவை) ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. குறிப்பு பார்த்துப் பழகலாமா, அல்லது காதையே நம்ப வேண்டுமா?

---

தாழ்கட்டை

எதில் கேட்கிறீர்கள்? கைபேசியின் ஒலிபெருக்கியில் என்றால் கேட்காததில் வியப்பில்லை. பேஸின் திறந்த ஈ கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகளில் ஒலிக்கிறது, ஏ கம்பி 55இல். அந்தச் சிறிய ஒலிபெருக்கியால் அவ்வளவு ஆழத்தை எழுப்ப முடியாது. அந்த ஸ்வரத்தின் மேல் ஹார்மோனிக்ஸ் மட்டும் மெலிதாக வரும், மிச்சத்தை மூளை இட்டு நிரப்பிக்கொள்ளும். பாடலை ஏற்கெனவே அறிந்தவருக்கு அது போதும். புதிதாகப் பிடிக்க உட்காருபவருக்குப் போதாது. காதை மூடும் ஹெட்போனில் கேளுங்கள். அப்போதும் தெளிவில்லையென்றால், ஒலிக்கோப்பை ஓர் ஆக்டேவ் உயர்த்தித் தரும் செயலியில் போட்டுப் பாருங்கள். பாடகர் குரல் வேடிக்கையாகிவிடும், ஆனால் பேஸ் கிட்டார் கிட்டாரின் உயரத்துக்கு வந்து ஒவ்வொரு ஸ்வரமும் தனியாகத் தெரியும்.

பழைய பதிவுகளில் இன்னொரு தொல்லை, நாடா ஓடிய வேகத்தைப் பொறுத்துச் சுருதி சற்று ஏறியோ இறங்கியோ இருக்கும். டியூனரில் சரியாக வைத்த உங்கள் பேஸ் பதிவோடு ஒட்டவில்லையென்றால், டியூனரை மறந்து பதிவுக்கு ஏற்பக் கம்பியைத் திருத்திக்கொள்ளுங்கள்.

டேப் குறிப்பைப் பற்றி: எந்த ஸ்வரம் என்பதில் ஓரளவு நம்பலாம்; எந்தக் கம்பியில், எந்த ஃப்ரெட்டில் என்பதில் நம்ப வேண்டாம். ஒரே ஜி ஸ்வரம் ஈ கம்பியின் பதினைந்தாம் ஃப்ரெட்டிலும் இருக்கிறது, ஏ கம்பியின் பத்தாம் ஃப்ரெட்டிலும், டி கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டிலும், திறந்த ஜி கம்பியிலும் இருக்கிறது. நான்கும் ஒரே சுருதி, நான்கு வேறு குரல்கள். மேலும் அந்தக் குறிப்புகளில் பெரும்பாலும் ஸ்வரத்தின் நீளம் இருக்காது, பேஸ் வாசிப்பில் பாதி வேலை அந்த நீளத்தில்தான் இருக்கிறது. காதால் எழுதி முடித்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

வேகம் கூடுவதற்கு ஒரு மருந்து உண்டு. மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து, அது இரண்டாம், நான்காம் பீட்டில் விழுவதாக எண்ணிக்கொண்டு வாசியுங்கள். முதல் பீட்டை நீங்களே சுமக்க வேண்டும். ஓடினால் உடனே தெரிந்துவிடும்.

---

லயச்சுவடு

பேஸ் என் கருவி அன்று. மிருதங்கம் கற்றுப் பிறகு டிரம்ஸுக்கு வந்தவன். ‘மணி’யையும் ‘பில்லி ஜீனை’யும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

‘மணி’ 1973இல் வந்தது. ரோஜர் வாட்டர்ஸ் எழுதிய பாடல், பேஸும் அவரே. ஒரு சுற்றுக்கு ஏழு பீட். மிஸ்ர சாபு போட்டுப் பழகிய நமக்கு ஏழு என்பது அச்சம் தருகிற எண் அன்று. ஆகவே இதைக் கடினமான பாடல் என்று ஒதுக்க வேண்டியதில்லை. கடினம் வேறிடத்தில் இருக்கிறது. சாக்ஸஃபோன் தனிவாசிப்பு ஏழிலேயே நடக்கிறது. அடுத்து வரும் கிட்டார் தனிவாசிப்பில் பாடல் நான்குக்கு மாறி, முடிந்ததும் ஏழுக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்பும் இடத்தில்தான் குழுக்கள் சிதறும். ஒவ்வொருவரும் தனித்தனியாக விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தால் ஒருவர் அல்லது இருவர் நான்கிலேயே நின்றுவிடுவார்கள். பேஸ் தொடரை எண்ணிக்கையாக வைத்திருக்காமல் ‘தகிட தகதிமி’ போன்ற ஒரு சொற்கட்டாக வாயில் போட்டுக்கொள்ளுங்கள். சொற்கட்டு வாயில் இருந்தால் எண்ணத் தேவையில்லை. அதோடு இதன் நடை சற்றே ஆடி நடப்பது, மும்மூன்றாகப் பிரியும் திஸ்ர நடையின் சாயல் உள்ளது. நேர் எட்டுகளாக (பீட்டுக்கு இரண்டு சம ஸ்வரங்களாக) வாசித்தால் பள்ளிக்கூடப் பயிற்சிபோல் ஒலிக்கும்.

‘பில்லி ஜீன்’ 1982இன் தொகுப்பில் உள்ளது, லூயிஸ் ஜான்சன் வாசித்தது. முதன்மைத் தொடரில் எட்டு ஸ்வரங்கள்: எஃப் ஷார்ப், சி ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப், ஈ, சி ஷார்ப், பி, சி ஷார்ப். என் குழுவில் பேஸ் வாசிப்பவர் காட்டியபோது கவனித்தேன்: இரண்டாம், நான்காம் ஃப்ரெட்டுகளைத் தவிர வேறு எதையும் அவர் கை தொடவில்லை. படிக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் பாடலும் ஏறத்தாழ ஐந்து நிமிடம், ஓய்வே இல்லாத எட்டுகள். மூன்றாம் நிமிடத்தில் முன்கை இறுகும், ஒலி ஏறி இறங்கும், டிரம்ஸ்காரனாகிய நான் அதைப் பின்னாலிருந்தே கேட்டுவிடுவேன். இதைத் தேர்வாக வைத்துக்கொள்ளுங்கள்: முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் பதிவுசெய்து, எது எதுவென்று நண்பரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

---

மெல்லிசைமேடை

லயச்சுவடு சொன்ன சொற்கட்டு யோசனையை வழிமொழிகிறேன்.

வட்டத்தட்டு அவர்களிடம் ஒரு கேள்வி. டன்னைப்போல் தேவையானதை மட்டும் வாசித்தால் போதும் என்ற எண்ணத்தோடு தமிழ்ப் பாடலுக்கு வந்தால் என்ன ஆகும்? மேடையில் நாள்தோறும் பார்க்கிறேன். நேரமில்லை என்று அடி ஸ்வரத்தை மட்டும் பிடித்து ‘பூவே செம்பூவே’யை வாசித்துவிடுகிறார்கள். கார்டு தப்பில்லை, தாளம் தப்பில்லை, கேட்பவர்களும் கைதட்டுகிறார்கள். ஆனால் யேசுதாஸின் குரலுக்குக் கீழே அந்தப் பாடலில் பேசிக்கொண்டிருந்த இன்னொரு குரல் காணாமல் போய்விடுகிறது. 1988இல் அந்தப் பாடல் வந்தபோது நாங்கள் பேஸ் கற்க வேண்டும் என்று ஆசைப்பட்டதே அந்தக் குரலைக் கேட்டுத்தான்.

---

வட்டத்தட்டு

அடி ஸ்வரம் போதும் என்று நான் சொல்லவில்லை, அண்ணா. பாடல் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு. ‘டாக் ஆஃப் த பே’ குறைவாகக் கேட்கிறது. ‘பூவே செம்பூவே’ எழுதியபடி கேட்கிறது. ஆனால் கற்பவர் என்ற நிலையில் இவர் அந்த வரியை முதல் நாளே முழுதாக எடுத்தால், சரணம் வருவதற்குள் கை நின்றுவிடும்; மறுபடியும் தொடக்கம் மட்டும் தெரிந்த பாடல் இன்னொன்று சேரும். அடி ஸ்வரங்களோடு பல்லவி, இடையிசை, சரணம் எல்லாவற்றையும் ஒரு முறை கடந்துவிட்டு, பிறகு ஒரு பகுதியில் மட்டும் உண்மையான வரியைப் பொருத்தி, அடுத்த வாரம் இன்னொரு பகுதி என்று போகலாமே. ஞாயிற்றுக்கிழமைக் குழுவும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

---

மெல்லிசைமேடை

வீட்டில் அப்படிப் பழகுவதில் எனக்கு மறுப்பில்லை. மேடைக்கு அந்த அரைகுறையைக் கொண்டுவரக் கூடாது என்பதில் மாற்றமும் இல்லை.

தம்பிக்கு ‘பனி விழும் மலர்வனம்’ பற்றி ஒரு குறிப்பு. 1982இல் ‘நினைவெல்லாம் நித்யா’ படத்துக்காக வந்த பாடல், சலநாட்டை ராகம். சி-யிலிருந்து எடுத்தால் சி, டி ஷார்ப், ஈ, எஃப், ஜி, ஏ ஷார்ப், பி. உங்களுக்குக் கைவந்த மேஜர், மைனர் இரண்டிலும் இது அடங்காது. மூன்று ஃப்ரெட் தாவல், உடனே ஓர் அரை ஸ்வரம். பஞ்சமத்துக்கு மேலும் அதே அமைப்பு. பாடலைத் தொடும் முன் இந்த ஸ்கேலை இரண்டு ஆக்டேவுக்கு மேலும் கீழும் வாசியுங்கள். இல்லையென்றால் உங்கள் விரல் பழக்கதோஷத்தில் சாதாரண மேஜரின் இரண்டாம் ஸ்வரத்துக்குப் போய்விடும், அந்தக் கணமே ராகம் கெட்டுவிடும்.

---

நாலுகம்பி

வரிசையை இப்படி வைத்திருக்கிறேன். ‘ஸ்டாண்ட் பை மீ’ ஓடிக்கொண்டிருக்கிறது. அதோடு ‘மை கேர்ள்’, ‘என் இனிய பொன் நிலாவே’. பிறகு ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’, ‘பில்லி ஜீன்’. ‘இளைய நிலா’வை அடி ஸ்வரத்தில் தொடங்கிப் பகுதி பகுதியாக நிரப்பப்போகிறேன். ‘மணி’ டிரம்ஸ் நண்பர் ஒப்புக்கொள்ளும்போது. ‘பூவே செம்பூவே’, ‘பனி விழும் மலர்வனம்’, ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ மூன்றும் பின்னால். ‘கம் டுகெதர்’ எங்கே வரும் என்று தெரியவில்லை.

இன்னொரு கேள்வி. டீக்கன் பாடலின் ஓய்வில் திறந்த ஈ கம்பியை இடக்கை விரலால் தொட்டு நிறுத்தினால், சில நேரம் மணி அடித்ததுபோல் மெல்லிய ஒலி ஒன்று எழுகிறது. ஏன்?

---

தாழ்கட்டை

‘கம் டுகெதர்’ சறுக்கலுக்கான பாடம். ஏ கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் உள்ள டி-யிலிருந்து கிளம்பி மேலே சறுக்கிப் போகும் அந்த அசைவில், எங்கே போய் நிற்கிறோம் என்பதைவிட எந்தப் பீட்டில் போய்ச் சேர்கிறோம் என்பதுதான் கடினம். ‘பில்லி ஜீனு’க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், கைக்கு ஓய்வாகவும் இருக்கும்.

மணி ஒலிக்குக் காரணம், நீங்கள் ஒரே விரலால் ஐந்தாம் அல்லது ஏழாம் ஃப்ரெட்டுக்கு நேராகத் தொடுகிறீர்கள். அவை ஹார்மோனிக்ஸ் பிறக்கும் புள்ளிகள். அழுத்தாமல் தொட்டால் கம்பி நிற்பதற்குப் பதிலாகப் பகுதிகளாகப் பிரிந்து அதிர்கிறது. ஜாக்கோ அந்த ஒலியை வேண்டுமென்றே எழுப்பினார். உங்களுக்கு இப்போது அது வேண்டாம். இரண்டு மூன்று விரல்களைச் சேர்த்துத் தட்டையாகக் கம்பிமேல் கிடத்துங்கள், எந்தப் புள்ளியும் தனியாக அகப்படாது. வலக்கையையும் பயன்படுத்தலாம்: சுட்டுவிரலால் மீட்டியதும் நடுவிரலைக் கம்பிமேல் கொண்டுவந்து வைத்தால் ஒலி அங்கேயே அறுபடும், அடுத்த மீட்டலுக்கு அந்த விரல் ஆயத்தமாகவும் இருக்கும். ஏ கம்பிக்குப் போகும்போது கட்டைவிரலைப் பிக்கப்பிலிருந்து (கம்பிகளுக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கும் பகுதி) எடுத்து ஈ கம்பிமேல் சாய்த்துக்கொள்ளுங்கள். ஆம்பின் ஒலியைக் கூட்டி வைத்துப் பழகுங்கள். குறைத்து வைத்தால் முனகல் இருப்பதே தெரியாது.

---

லயச்சுவடு

அந்த ஓய்வில் காலால் அடிக்கும் கிக் டிரம் தொடர்ந்து நான்கு பீட்டும் விழுந்துகொண்டிருக்கும். உங்கள் டிரம்ஸ் நண்பரிடம் கிக்கை மட்டும் தனியாக வாசிக்கச் சொல்லி, அதோடு நீங்கள் மட்டும் வாசித்துப் பாருங்கள், கிட்டாரும் கீபோர்டும் வரும் முன். முகச்சுளிப்பும் அதில் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.